தண்டு இல்லாமல் திரும்பும் சக்கரம்

வானகரம் வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நீங்கள் சென்றிருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அந்தப் பக்கங்களில் கால்வாய் தூர் வாரும் மஞ்சள் நிற மண்வாரி இயந்திரத்தையும் பார்த்திருப்பீர்கள். எந்த நிறுவனம் செய்ததானாலும் நாம் அதை ‘ஜேசிபி’ என்றே அழைக்கிறோம். ஏழெட்டு டன் எடையுள்ள அந்த வண்டியைச் சேற்றிலும் ஓட்டுநர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றித் திருப்பிவிடுகிறார். எப்படி?

வண்டி நிறுத்தப்பட்டு இயந்திரமும் அணைக்கப்பட்டிருக்கும் நேரத்தில், ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு கவனித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கிலிருந்து முன் சக்கரம் வரை செல்லும் இரும்புத் தண்டு எதுவும் கண்ணில் படாது. சில ரப்பர் குழாய்கள் மட்டுமே செல்லும். சக்கரங்களைத் திருப்புவது அக்குழாய்களில் ஓடும் எண்ணெயே. இதற்கு முழு ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்று பெயர்.

கார்களில் உள்ள பவர் ஸ்டியரிங் வேறு வகை. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஒரு காரில் அதைப் பொருத்திக் காட்டினார். 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் அத்தகைய கார்களை விற்கத் தொடங்கியது. அதில் எண்ணெயோ மின்மோட்டாரோ கைக்கு உதவிதான் செய்கிறது. இரும்புத் தண்டு அப்படியே இருக்கிறது. முழு ஹைட்ராலிக் முறையிலோ அந்தத் தண்டே கிடையாது.

பாஸ்கல் கண்ட விதி

ஊசி நீக்கிய, பயன்படுத்தாத இரண்டு சிரிஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று சிறியது, மற்றது பெரியது. இரண்டிலும் நீர் நிரப்பி ஒரு மெல்லிய குழாயால் இணையுங்கள். சிறியதை நீங்கள் அழுத்துங்கள்; பெரியதை நண்பர் தடுக்கட்டும். அவரால் தடுக்க முடியாது! அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவுகிறது. பெரிய சிரிஞ்சின் பரப்பு அதிகம். ஆகவே அங்கே கிடைக்கும் விசையும் அதிகம். ஆனால் அது நகரும் தூரம் குறைவு. இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இவ்விதியைக் கண்டார். 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதைக் கொண்டு ஹைட்ராலிக் அழுத்தி அமைத்துக் காப்புரிமை பெற்றார்.

இப்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழியை விட்டு மறுபடி அழுத்துங்கள். சிரிஞ்சு ஸ்பிரிங் போலத் துள்ளும். காற்று சுருங்கும், நீர் அநேகமாகச் சுருங்காது என்பதே காரணம். ஸ்டியரிங் குழாய்களில் காற்று புகுந்தாலும் இதே தொல்லைதான்.

ஆழாக்கு போல் அளக்கும் பல்சக்கரம்

ஸ்டியரிங்கின் அடியில் உள்ள கருவிதான் இம்முறையின் இதயம். 1950களில் அமெரிக்காவின் லின் சார்ல்சன் வளர்த்த பல்சக்கர மோட்டார் இதற்கு வழிவகுத்தது. உள்ளே 6 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று, 7 பள்ளங்கள் கொண்ட வளையத்துக்குள் உருண்டுகொண்டே சுற்றுகிறது. அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் பற்களுக்கிடையிலான அறைகள் 6 x 7 = 42 முறை நிரம்பிக் காலியாகின்றன. ஆழாக்கால் அரிசி அளப்பது போல, ஸ்டியரிங் எவ்வளவு சுற்றுகிறதோ அதற்குச் சரியான அளவு எண்ணெயை இது அளந்து சிலிண்டருக்கு அனுப்புகிறது.

நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ஒரு சிறு வால்வு திறக்கிறது. பம்பிலிருந்து எண்ணெய் பாய்ந்து பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சுற்றும் பல்சக்கரமே பின்தொடர்ந்து வந்து அந்த வால்வை மூடவும் செய்கிறது. கை நின்றால் எண்ணெயும் நிற்கும்.

கணக்குப் போடுவோம்

பண்ணை வேலைக்கு ஒரு சிறு கரடுமுரடுப் பாதை வண்டியைக் குறைந்த செலவில் அமைப்பதாகக் கொள்வோம். நின்ற இடத்தில் அதன் முன் சக்கரங்களைத் திருப்ப 1,000 கிலோ எடை விசை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபுறமும் தண்டு நீட்டிய சிலிண்டர் ஒன்றை எடுப்போம். உள்விட்டம் 5 செ.மீ., தண்டின் விட்டம் 3 செ.மீ. எண்ணெய் தள்ளும் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் 1,250 கிலோ விசை கிடைக்கும். போதும். பிஸ்டன் ஓடும் தூரம் 20 செ.மீ. என்றால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல 12.5 x 20 = 250 சி.சி. எண்ணெய் வேண்டும்.

ஸ்டியரிங் கருவி ஒரு சுற்றுக்கு 80 சி.சி. அளப்பதாக இருந்தால், சக்கரம் முழுதும் திரும்ப 3 சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். 160 சி.சி. கருவி என்றால் ஒன்றரைச் சுற்றே போதும். ‘அப்படியானால் 160 சி.சி.தானே மேல்?’ என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாதீர்கள்!

இயந்திரம் நின்றுபோனால்?

சரிவில் இறங்கும்போது இயந்திரம் அணைந்துவிட்டது. பம்பும் நின்றுவிட்டது. இப்போது ஓட்டுநரின் கைபலத்தால்தான் பல்சக்கரம் சுற்றவேண்டும். அதுவே கைப்பம்பாக மாறுகிறது.

20 செ.மீ. ஆரமுள்ள ஸ்டியரிங்கை அவர் 20 கிலோ விசையுடன் ஒரு சுற்றுச் சுற்றினால், செய்யும் வேலை 20 x 2 x 3.14 x 20, அதாவது ஏறத்தாழ 2,512 கிலோ செ.மீ. அந்த வேலை 80 சி.சி. எண்ணெயைத் தள்ளச் செலவானால், அழுத்தம் 2,512 / 80 = 31.4 கிலோ. உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சிலிண்டரில் கிடைக்கும் விசை சுமார் 390 கிலோ. நின்ற வண்டியைத் திருப்ப இது போதாது. ஆனால் ஓடும் சக்கரத்தைத் திருப்பக் குறைந்த விசையே போதுமாதலால், வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தலாம். 160 சி.சி. கருவியிலோ கிடைப்பது சுமார் 195 கிலோதான்! குறைந்த சுற்றுகளுக்கு ஆசைப்பட்டால் ஆபத்து வேளையில் கைக்குப் பாதி பலமே மிஞ்சுகிறது.

பம்பின் கணக்கும் இதையே சொல்கிறது. அவசரத்தில் ஓட்டுநர் விநாடிக்கு 2 சுற்றுச் சுற்றினால் 80 சி.சி. கருவிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர் எண்ணெய் வேண்டும். 160க்கு அதைப் போல் இரு மடங்கு. எனவே சிறு கருவிக்குச் சிறு பம்பு போதும், செலவும் குறைவு. இங்கே சிக்கனமும் பாதுகாப்பும் கைகோத்து நிற்கின்றன.

எதில் சிக்கனம்?

எண்ணெய்த் தொட்டியைத் தகட்டில் செய்துகொள்ளலாம். சோதித்துப் பார்த்த பழைய பம்பைப் பயன்படுத்தலாம். ஆனால் குழாய், சீல், வடிகட்டி, அழுத்தம் மீறினால் திறக்கும் நிவாரண வால்வு ஆகியவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஹைட்ராலிக் குழாய்கள் பொதுவாக வேலை அழுத்தத்தைப் போல் 4 மடங்கு தாங்கிய பின்பே வெடிக்கும்படி செய்யப்படுகின்றன. சாதாரணத் தண்ணீர்க் குழாய் இங்கே எமன். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்; அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குழாய் வெடித்துவிட்டால் கைபலமும் பயன்படாது. ஓட்டுநருக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடுகிறது. ஆகவேதான் இம்முறை மண்வாரி, போர்க்லிப்ட், டிராக்டர் போன்ற மெதுவான வண்டிகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள், கட்டுமான இயந்திர வண்டிகள் சாலையில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேற்படாத வேகத்தில், சிறிது நேரமே செல்பவை என்று வரையறுக்கின்றன. சாலையில் ஓடும் காரையோ ஜீப்பையோ விருப்பம் போல் இப்படி மாற்றிவிடவும் முடியாது. நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறான மாற்றங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

சிரிஞ்சுச் சோதனையைச் செய்யும்போது இரண்டின் உள்விட்டங்களையும் அளந்து, பரப்புகளின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். சிறியது எவ்வளவு நகர்ந்தால் பெரியது எவ்வளவு நகர்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விகிதங்களும் ஒத்துவருகின்றனவா? ஒத்துவந்தால், வானகரத்துச் சேற்றில் திரும்பும் அந்தப் பெரிய சக்கரத்தின் கணக்கை நீங்கள் உங்கள் மேசை மேலேயே போட்டுவிட்டீர்கள்!