ஏற்றத்தில் எடுக்காத கால்: ஊவா மலைப்பாதைகளும் பவர் ஷிஃப்டிங்கும்

கையால் கியர் மாற்றும் வாகனத்தில் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குச் செல்லும் சாரதி, வலது காலை எக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து, இடது காலால் கிளச்சை மிதித்து, கியர் லீவரை நகர்த்தி, கிளச்சை விட்டபின் மீண்டும் எக்ஸிலேட்டரை அழுத்துகிறார். இந்த வரிசையில் முதலாவது செயலைக் கைவிட்டு, வலது கால் எக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தியபடியே இருக்க, கிளச்சை ஒரு கணம் மட்டும் உதைத்து லீவரை அடுத்த கியருக்கு இழுத்துப் போடும் முறையே பவர் ஷிஃப்டிங் எனப்படுகிறது. எஞ்சினின் விசை சில்லுகளுக்குச் செல்லாமல் தடைப்படும் இடைவெளியை இயன்றவரை சுருக்குவதே அதன் நோக்கம்.

அமெரிக்காவில் கால் மைல், அதாவது 402 மீற்றர் நீளமான நேர்த்தடத்தில் இரண்டு கார்கள் போட்டியிடும் பந்தயங்களில் இம்முறை வளர்ந்தது. 1960களில் ரொனி சொக்ஸ் என்ற பந்தயச் சாரதி நான்கு கியர் பெட்டியை இவ்வாறு கையாளும் திறமைக்காகவே பெயர் பெற்றிருந்தார். அத்தகைய பந்தயத்தில் வெற்றியும் தோல்வியும் ஒரு வினாடியின் சிறு பின்னத்தில் தீர்மானிக்கப்படுவதாலும், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னரும் வாகனத்தைக் கழற்றிப் பார்க்கும் பணியாளர்கள் அங்கே காத்திருப்பதாலும், கியர்பொக்ஸ் உடைவது செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒன்றாகவே இருந்தது. இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளையிலிருந்து பசறைக்கோ, பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்கோ குடும்பத்தை ஏற்றிச் செல்லும் பழைய கார் ஒன்றுக்கு இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுகூடப் பொருந்துவதில்லை.

அவ்வாறிருந்தும் ஊவாவில் இம்முறைக்கு ஓர் ஆதரவு வாதம் உண்டு; அது முற்றிலும் பிழையானதும் அன்று. ஏற்றத்தில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வாகனம் உடனே வேகத்தை இழக்கிறது, அடுத்த கியர் விழும்போது எஞ்சினுக்கு இழுக்கும் வலு இருப்பதில்லை, ஆகவே காலை எடுக்காமலே மாற்றுவதே நல்லது என்று அந்த வாதம் கூறுகிறது. பத்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில், விசை நின்ற வாகனத்தின் வேகத்தைப் புவியீர்ப்பு மட்டுமே ஒவ்வொரு வினாடியும் மணிக்கு ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர் குறைக்கிறது. நிதானமான கியர் மாற்றத்துக்கு ஒரு வினாடியும், பவர் ஷிஃப்டிங்குக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் தேவைப்படுவதாகக் கொண்டால், மிஞ்சும் ஆதாயம் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீற்றர் மட்டுமே. அடுத்த முடக்கு இருநூறு மீற்றருக்குள் வந்துவிடும் பாதையில் அந்த ஆதாயம் பிரேக்கில் கரைந்து போகிறது. அத்தகைய இடத்தில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற வேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்றாவதில் மூச்சு முட்டும் எஞ்சின் இரண்டாவதில் அமைதியாக இழுத்துக்கொண்டு ஏறும். மலையில் கியரை எவ்வளவு விரைவாக மாற்றுவது என்பதைவிட, எந்த இடத்துக்கு எந்தக் கியர் என்பதை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் முன்பே தீர்மானிப்பதே சாரதியின் திறமை.

இந்த அவசரத்தின் விலையை முதலில் செலுத்துவது கிளச் பிளேட். எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான இரும்புச் சக்கரமாகிய ஃபிளைவீலுக்கும், வில்விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் சிக்கியிருக்கும் இந்த மெல்லிய தட்டே எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிறது. எக்ஸிலேட்டர் அழுத்தப்பட்டிருக்கும் நிலையில் கிளச்சை மிதித்தவுடன் பளு நீங்கிய எஞ்சின் கட்டவிழ்ந்து சீறுகிறது. அடுத்த கியரோ எஞ்சின் முன்னைவிட மெதுவாகச் சுழல்வதையே கோருகிறது. ஆகவே கிளச் மீண்டும் பற்றும்போது இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாடு முழுவதும் அந்தத் தட்டில் உராய்வாகவும் வெப்பமாகவும் தீர்கிறது. இவ்வாறு ஓட்டப்பட்ட வாகனத்தைக் கராஜில் பிரித்தால், பிரஷர் பிளேட்டின் பளபளப்பான முகத்தில் நீலமும் கறுப்புமான வெப்பத் திட்டுகளும், அவற்றின் நடுவே மயிரிழை போன்ற வெடிப்புகளும், கிளச் பிளேட்டின் உராய்வுப் படலம் தேய்ந்து ஆணிகளின் தலை வெளியே தெரிவதும் காணப்படும். ஏற்றத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கிளச்சைப் பாதி மிதித்தே வண்டியைத் தாங்கி வைத்திருக்கும் பழக்கமும் இதே சேதத்தையே செய்கிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்தய ஆசை சிறிதும் இல்லாத மூத்த சாரதிகளிடமும் அப்பழக்கம் உண்டு.

அடுத்து அடிபடுவது கியர்பொக்ஸினுள் உள்ள சிங்ரோ வளையம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களைப் பற்களால் இணைக்குமுன் அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவதற்காக அமைக்கப்பட்ட, உட்புறம் கூம்பு வடிவான பித்தளை வளையம் அது. 1928ஆம் ஆண்டு கடிலாக் கார்களில் இவ்வமைப்பு அறிமுகமாகும் வரை, வேகங்களைச் சமப்படுத்தும் வேலை சாரதியின் காலையே சார்ந்திருந்தது. தோட்டத் துரைமார் பயன்படுத்திய பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே சிங்ரோ இருந்தது; 1971இல் வெளிவந்த மூன்றாம் தொடர் வரையில் முதல் இரண்டு கியர்களுக்கும் அது கிடைக்கவில்லை. ஆகவே அந்த ஜீப்பை ஓட்டியவர்கள் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் நியூட்டரலில் எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்யும் டபுள் கிளச் முறையைக் கட்டாயமாகக் கற்றிருந்தனர். பவர் ஷிஃப்டிங் இதற்கு நேரெதிரானது: டபுள் கிளச் பாகங்கள் இணங்கும்வரை காத்திருக்க, பவர் ஷிஃப்டிங் அவற்றை இணங்கச் சொல்லி அடிக்கிறது. கிளச் முழுமையாக விடுபடுமுன் லீவர் இழுக்கப்பட்டால் எஞ்சினின் விசை அந்தச் சிறு வளையத்தின் மீதே இறங்குகிறது. அதன் கூரிய பல்முனைகள் மழுங்கி, கியர் விழும்போது கர்ரென்ற ஒலி எழத் தொடங்குகிறது. கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தால் பொன்துகள் தூவியதுபோலப் பித்தளை மின்னுகிறது.

தேய்மானமாவது காலம் எடுத்துக்கொள்ளும். தவறிய கியர் அவ்வாறு பொறுத்திருப்பதில்லை. வழக்கமான ஐந்து கியர் அமைப்பில் இரண்டாவது கியர் இடப்பக்கம் கீழேயும், முதலாவது அதற்கு நேர் மேலேயும், மூன்றாவது நடுவில் மேலேயும் இருப்பதால், இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்லும் லீவர் நியூட்டரலில் ஒரு கணம் தளர்ந்து நடுவுக்கு வர வேண்டும். அந்த ஒரு கணத்தைக் கொடுக்காமல் கை இடப்பக்கமாகவே அழுத்தித் தள்ளினால் முதலாம் கியர் எதிர்ப்படுகிறது. முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களின் விகிதங்கள் முறையே 3.5, 1.9, 1.3 என்று அமைந்த சிறு கார் ஒன்று இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 5,500 சுற்றுகளில் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றாவதில் எஞ்சின் சுமார் 3,760 சுற்றுகளுக்கு இறங்க வேண்டும். முதலாவது விழுந்துவிட்டாலோ சில்லுகளே எஞ்சினைப் பிடித்து 10,000 சுற்றுகளுக்கு மேல் சுழற்றும். நல்ல நிலையிலுள்ள சிங்ரோ வளையம் இந்தப் பிழையைப் பெரும்பாலும் மறித்து நிறுத்தும். ஆனால் பவர் ஷிஃப்டிங் பழக்கத்தால் அந்த வளையமே தேய்ந்துபோன காரில் காவலாளி ஏற்கெனவே இல்லாமற் போயிருப்பார். மிகை வேகத்தில் எரிபொருளை நிறுத்தும் கணினி அமைப்பும் இங்கே உதவாது, ஏனெனில் எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அன்று, ஓடும் வாகனத்தின் உந்தம். வால்வுகள் மூடிக்கொள்ள நேரமின்றிப் பிஸ்டனில் மோதுவதே அதன் வழக்கமான முடிவு.

அச்சுத்தண்டு, அதன் மூட்டுகள், டிஃபரென்ஷல் எனப்படும் பற்சக்கரப் பெட்டி, எஞ்சினைத் தாங்கும் றப்பர்க் கட்டைகள் ஆகியவையும் ஒவ்வோர் அடியையும் வாங்குகின்றன. அவற்றைவிட உடனடியான ஆபத்து டயருக்கும் பாதைக்கும் இடையில் இருக்கிறது. டிசம்பர் முதல் வடகீழ்ப் பருவமழை நனைக்கும் ஊவாப் பாதையில், வளைவின் நடுவில் முழு விசையும் ஒரே உதையாகச் சில்லுகளுக்குப் போய்ச் சேர்ந்தால், அவை பிடியை இழந்து வழுக்கும். முன்சில்லுகள் இழுக்கும் காராயின் அது முடக்கில் திரும்ப மறுத்து நேரே வெளி விளிம்பை நோக்கிச் செல்லும்.

தேயிலைக் கொழுந்து லொறிகளின் நிலை சற்று வேறுபட்டது. மடுவத்தில் எடைபார்த்த கொழுந்துச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு, கல் பதித்த ஒடுங்கிய தோட்டப் பாதையில் தொழிற்சாலைக்குப் போகும் டீசல் லொறியில் பவர் ஷிஃப்டிங் செய்வோர் அரிது. குறைந்த சுற்றுகளிலேயே வலுவைத் தரும் டீசல் எஞ்சினுக்கு அது தேவையுமில்லை. ஆனால் பாரவண்டியில் அவசரமாக மாற்றி, பிடிக்காமல் தவறிய கியர் வேறொரு வகையில் உயிரைப் பறிக்கக்கூடியது. இறக்கத்தில் கீழ்க் கியருக்கு மாற முயன்ற சாரதியின் கையில் அது விழாமல் நின்றுவிட்டால், வண்டி நியூட்டரலில் ஓடத் தொடங்குகிறது. எஞ்சினின் இழுத்துப்பிடிப்பு அற்றுப்போக வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட மீண்டும் கியர் பிடிப்பது மேலும் கடினமாகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

அந்தப் பாரம் எத்தகையது என்பதற்கு எல்ல-வெல்லவாய வீதியே போதிய சான்று. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலேயுள்ள எல்லவிலிருந்து, ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவுக்கு அது முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், இராவணன் நீர்வீழ்ச்சியைத் தொட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறது. 10 தொன் எடையுள்ள ஒரு பஸ் இந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி, 240 லீற்றர் அளவான சாதாரணத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கீழ்க் கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் விழுங்கிக்கொள்ளும். மேல் கியரிலோ நியூட்டரலிலோ இறங்கினால் காற்றின் தடை முதலியவை போக எஞ்சியதெல்லாம் நான்கு பிரேக் டிரம்களில் சூடாகத் தேங்கி, ஒரு கட்டத்துக்குப் பின் பிரேக்கை மிதித்தாலும் பிடிக்காத நிலை ஏற்படும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு இதே வீதியில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்து குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைநாட்டுச் சாரதிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வெறும் வழக்காறு அன்று. எஞ்சினைப் பிரேக்காகப் பயன்படுத்தும் இயற்பியலின் சுருக்கம் அது.

வேக வேட்கைக்கு ஊவாவில் இடமே இல்லை என்று கூறுவதற்கில்லை. அயல் மாவட்டமான நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் இத்தீவின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் ஒன்று; தியத்தலாவையில் இராணுவத்தின் ஆதரவில் நடைபெறும் ஃபொக்ஸ் ஹில் சூப்பர்குரொஸ் தோட்டப்புற இளைஞர்களும் திரண்டு பார்க்கும் ஒன்று. காலை எடுக்காமல் கியர் மாற்றும் கலைக்கு, வலுவூட்டிய கிளச்சும் தலைக்கவசமும் எதிரே வாகனம் வராத தடமும் உள்ள அத்தகைய களமே உரிய இடம். அங்கேயும் உத்தரவாதம் இல்லை: 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்ததில், சிறுமி ஒருவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இந்நிகழ்வை இங்கே சுட்டுவது கியர் மாற்றத்தின் மீது பழி போடுவதற்காக அன்று. மூடிய பந்தயத் தடத்திலேயே வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது இவ்வளவு கடினமாயின், பாடசாலைப் பிள்ளைகள் ஓரமாக நடந்து செல்லும் ஹாலி-எல வீதியில் அதற்கு முயல்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று என்பதற்காகவே.

செலவின் பக்கமும் சிறியதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்ததால் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆகவே வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கக்கூடிய கார்கள் இங்கே கை மாறிக் கை மாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை முன்பு ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

எனவே பழைய காரை வாங்க எண்ணுவோர், விலை பேசுமுன் அதை ஓர் ஏற்றத்துக்குக் கொண்டுபோய், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரிலிட்டு எக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது என்று பொருள். அடுத்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கர்ரென்று ஒலிக்கிறதா, விழுந்த கியர் தானாக வெளியே துள்ளுகிறதா என்று கவனித்து, கியர் எண்ணெயைச் சிறிது வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். துணியில் பித்தளைத் துகள் மின்னினால், கியர்பொக்ஸைப் பிரித்துச் செய்யும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்கலாம், அல்லது அந்தக் காரை விட்டுவிடலாம்.