டர்போ வண்டியும் கோடை வெயிலும்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியே திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடமாலபேட்டை ஒரு சிற்றூர். மும்பையிலும் புணேயிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவருள் பலர், விடுமுறைக்குத் தாயகம் வந்து மலையேறச் செல்லும்பொழுது இவ்வூரைக் கடந்திருப்பர். ஊரின் பெயர் மறந்திருப்பினும், அங்குள்ள சுங்கச் சாவடியில் வரிசையில் நின்றது மறந்திராது. சித்திரை வைகாசி நண்பகலில், நிழலிலேயே 40 பாகை வெப்பம் தகிக்கும் நேரத்தில், அவ்வரிசையில் நிற்கும் வண்டியின் எந்திர மூடிக்குக் கீழே நடப்பது யாது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் லாரிகளுக்கும் கப்பல்களுக்கும் உரியதாயிருந்த டர்போசார்ஜர் இன்று சிறு பெட்ரோல் கார்களிலும் இடம் பெற்றுவிட்டது. அத்துடன், கம்பெனி தந்த திறன் போதாதென்று அதனைக் கூட்டித் தருவாரை நாடும் இளைஞரும் பெருகியுள்ளனர். திறனைக் கூட்டுவது ஒரு பிற்பகல் வேலை. கூட்டிய திறனை அவ்வண்டி ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதுதான் கேள்வி.

எந்திரத்தின் திறன், அது உண்ணும் காற்றைப் பொறுத்தது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய அதன் எடையைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமளவு ஊற்றிவிடலாம். காற்றைத்தான் எளிதில் ஊட்ட முடியாது. எந்திரம் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பிணைத்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தினால் என்ன என்று எண்ணியவர் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரெட் பூகி. 1905 இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழல்கின்றன. பெட்ரோல் எந்திரத்தின் புகையோ 900 பாகையைத் தொடும். இவ்வளவு சூட்டையும் வேகத்தையும் தாங்கும் அச்சு, மெல்லியதோர் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

வெப்பம் புகையில் மட்டும் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் அறிவர், பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பது இயற்கை விதி. 40 பாகை வெப்பமுள்ள வடமாலபேட்டைக் காற்றை எடுத்து, அதன் அழுத்தத்தை இருமடங்காக்கினால், நல்ல டர்போவிலிருந்துகூட அது ஏறத்தாழ 130 பாகையில் வெளிவரும். சூடான காற்று விரிந்த காற்று. ஆதலின் அழுத்தம் இருமடங்காகியும் உட்புகும் காற்று ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே நின்றுவிடும். இதனைக் குளிர்விக்கவே இண்டர்கூலர் என்னும் தட்டையான குழாய்க்கூட்டம் வண்டியின் முகப்பில் வைக்கப்படுகிறது. 60 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 1.9 மடங்கு காற்று கிடைக்கும். ஆனால் இண்டர்கூலரைக் குளிர்விப்பது வண்டி ஓடும்போது வீசும் காற்று. சுங்கச் சாவடியில் நிற்கும் வண்டிக்கு அக்காற்று இல்லை. பத்து நிமிடம் நின்று, தடை நீங்கியவுடன் வேகமிதியை அழுத்துகிறோமே, அந்தக் கணமே எந்திரத்துக்குச் சோதனைக் கணம்.

சூடான காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியால் சீராக எரியாமல், ஒரு மூலையில் தானே வெடிக்கத் தலைப்படும். இதனை மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பர். மெல்லிய தட்டொலியாகக் கேட்கும் இது தொடர்ந்தால், பிஸ்டனின் விளிம்பு உடையும், ஓட்டையும் விழும். கம்பெனி வண்டியில், இவ்வொலியை உணரும் கருவி தீப்பொறியைத் தாமதப்படுத்தி எந்திரத்தைக் காக்கிறது. திறனைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நம் ஊர் வெயிலுக்கும், சாதாரணப் பெட்ரோலுக்கும் வைத்த இந்த இடைவெளியைத்தான் திறன் கூட்டுவோர் முதலில் தின்றுவிடுகின்றனர்.

இப்பாடத்தை உலகம் 1962 இலேயே கற்றது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் அவ்வாண்டு ஜெட்பயர் என்னும் டர்போ காரை வெளியிட்டது. 3.5 லிட்டர் எந்திரம்; 215 குதிரைத்திறன். நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி வைக்கவேண்டும். நிரப்பியவர் சிலர், மறந்தவர் பலர். கருவியில் பிழையில்லை, ஆனால் மனிதர் மறப்பர் என்பதை வடிவமைத்தோர் மறந்தனர். அடுத்த ஆண்டுடன் அவ்வண்டி நின்றது. பல வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றி எறிந்தனர்.

தமிழகத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் மோட்டார் பந்தயத்தில் வளர்ந்தது. அதன் தலைவர் ஜெ. ஆனந்த் தாமே பந்தய வீரர். அந்நிறுவனம் டாட்டா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்னும் கார்கள் 2018 அக்டோபரில் வெளிவந்தன. சாதாரண டியாகோவின் பெட்ரோல் எந்திரம் 85 குதிரைத்திறன். அவ்விடத்தில் நெக்ஸான் வண்டியின் 1.2 லிட்டர் டர்போ எந்திரத்தை வைத்து 114 குதிரைத்திறன் பெற்றனர். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அவ்வண்டி, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பத்து வினாடிக்குள் ஆயிற்று. நம் கருத்தைக் கவர்வது வேறோர் எண். நெக்ஸானில் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்த எந்திரத்தை, இவ்வண்டியில் 150 அளவில் நிறுத்திவிட்டனர். முறுக்குவிசைதான் கிளச்சையும் கியர்ப்பெட்டியையும் அச்சுக்களையும் முறுக்குவது. கியர்களின் பல் விகிதத்தை மாற்றி விரைவைப் பெற்றனர். வண்டியை 4 மில்லிமீட்டர் தாழ்த்தி, அகன்ற டயரும் இட்டனர். அவ்வண்டிகள் இன்று விற்பனையில் இல்லை. எனினும், பந்தயம் அறிந்தவர் சாலைக்கு வண்டி செய்யும்போது எதை விட்டுக்கொடுத்தார் என்பது நோக்கத்தக்கது.

சோதிப்பது எப்படி? உருளைகளின்மேல் வண்டியை ஏற்றிப் பதினைந்து வினாடி முடுக்கி, தாளில் ஓர் எண்ணை அச்சிட்டுத் தருவது சோதனை அன்று; அது நிழற்படம். எந்திரம் செய்யும் கம்பெனிகள் முழுச்சுமையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்க்கின்றன. தனிமனிதர் அவ்வளவு செய்ய இயலாது. ஆயினும், உட்புகும் காற்றின் வெப்பம், எண்ணெயின் வெப்பம், காற்று-பெட்ரோல் விகிதம் ஆகிய மூன்றையும் அளக்கும் கருவிகளின்றி இதில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாகும். பெங்களூரின் மார்கழிக் குளிரில் தேறிய வண்டி, ரேணிகுண்டாவின் கத்தரி வெயிலில் தேறும் என்று கொள்ளற்க. நீண்ட ஏற்றத்தில், ஆட்களை ஏற்றி, குளிர்சாதனத்தையும் இயக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும். பின் எண்ணெய் வடிகட்டியை அறுத்து உலோகத் துகள் உண்டா என்று காண்க. சிலிண்டர்களின் அழுத்தம் முன்போலவே உள்ளதா என்றும் அளக்க. பிரேக்கைத் திருத்தாமல் எந்திரத்தை மட்டும் திருத்தியவரைப் பற்றிப் பேசவே அச்சமாயிருக்கிறது.

உச்ச வேகத்தைக் காணப் பொதுச் சாலை இடமன்று. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் உள்ளது. கம்பெனிகளுக்கு மத்தியப்பிரதேசத்துப் பீதம்பூரில் 2021 இல் திறந்த 11.3 கிலோமீட்டர் வட்டப்பாதை உண்டு. சட்டமும் கண்டிப்பானது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க.

திருத்தாத டர்போ வண்டியில் செல்வோருக்கும் ஒரு சொல். திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரம். வளைந்து வளைந்து ஏறி மேலே சேர்ந்தவுடன் சாவியைத் திருப்பி எந்திரத்தை அணைத்தால், சிவக்கக் காய்ந்த டர்போவில் எண்ணெய் ஓட்டம் நின்று, தங்கிய எண்ணெய் கரியாகும். அக்கரி சேரச் சேர அச்சு தேயும். இன்றைய டர்போக்கள் பலவற்றில் நீர்க்குளிர்ப்பும் உண்டெனினும், வண்டியை நிறுத்தியபின் ஓரிரு நிமிடம் எந்திரத்தைச் சும்மா ஓடவிடுவது நன்று. குழந்தைகளை இறக்கி, பைகளை எடுத்து முடிப்பதற்குள் அந்நேரம் ஆகிவிடும்.