வீட்டில் எஸ்பிரஸ்ஸோ காப்பி தயாரிக்கும் முறை

சேர்வராயன் மலையிலும் பழநி மலையிலும் காப்பி பயிரிடுவோருள் அநேகர், தம் கொட்டை அயல்நாட்டில் எவ்விதம் பானமாகிறதென்பதை அறியார். இந்தியக் காப்பியை நெடுங்காலமாக மிகுதியாக வாங்கிவரும் தேசங்களுள் இத்தாலி முக்கியமானது. அங்கே எஸ்பிரஸ்ஸோ என்னும் பானமே வழக்கில் உள்ளது. அதனை வீட்டிலேயே தயாரித்துப் பார்ப்பவர், தம் சரக்கின் குணதோஷங்களைத் தாமே கண்டுகொள்ளலாம்.

நம் வீட்டுப் பில்டரில் வெந்நீர் தன் எடையினால் மெள்ள இறங்குகிறது. எஸ்பிரஸ்ஸோவிலோ அது யந்திரத்தால் தூளினூடே தள்ளப்படுகிறது. மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901-ம் வருஷத்தில் உரிமை கோரிய யந்திரம் நீராவியின் அழுத்தத்தால் வேலை செய்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அகில்லே காஜ்ஜியாவின் நெம்புகோல் யந்திரம் வந்தது. அதன் மிகுந்த அழுத்தத்தினாலேயே பானத்தின் மேல் பொன்னிற நுரை படியலாயிற்று. இக்காலத்து வீட்டு யந்திரங்களில் சிறு பம்பு இவ்வேலையைச் செய்கிறது.

செய்முறை: வறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை சென்ற கொட்டையை அவ்வப்போது அரைத்துக்கொள்ள வேண்டும். சிக்கரி சேர்க்கலாகாது. நைசான தூள் 18 கிராம் எடுத்து, யந்திரத்தின் கிண்ணத்தில் சமமாகப் பரப்பி, சாயாமல் அழுத்த வேண்டும். சாய்ந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிதேடி ஓடிவிடும். தண்ணீரின் உஷ்ணம் 90 முதல் 96 டிகிரி சென்டிகிரேட் வரையிலும், அழுத்தம் சுமார் 9 பாரும் இருத்தல் நலம். 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் சாரம் இறங்க வேண்டும்.

சாரம் விரைவில் இறங்கி, நீர்த்துப் புளித்தால், தூளை இன்னும் நைசாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால், சற்றுப் பருமனாக அரைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாறுதலே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் காரணம் விளங்காது.

யந்திரம் இல்லாதோர் அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தை உபயோகிக்கலாம். இது 1933-ம் வருஷத்தில் இத்தாலியில் தோன்றியது. இதன் அழுத்தம் குறைவாகையால் பானம் எஸ்பிரஸ்ஸோ ஆகாது. ஆயினும் அதற்கு நெருங்கியதாகும். தண்ணீர் பக்கத்திலுள்ள வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும், தூளை அழுத்தலாகாது, நெருப்பு மந்தமாக இருக்க வேண்டும்.

பாலும் சர்க்கரையும் மறைக்கும் குற்றங்களை எஸ்பிரஸ்ஸோ வெளிப்படுத்திவிடும். பழுக்காத காயைக் கலந்து பறித்ததும், பழத்தைக் குவித்து வைத்துப் புளிக்கவிட்டதும், ஈரம் போகாமல் மூட்டை கட்டிப் பூஞ்சணம் பிடித்ததும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஆகையால் பழுத்த பழத்தையே பறித்து, அன்றே தோல் நீக்கி, ஈரம் 100-க்கு 10 முதல் 12 பங்கு வரை நிற்கும்படி உலர்த்துதல் அவசியம். வாங்குவோன் ருசி பார்த்து விலையைக் குறைப்பதற்கு முன், விளைவித்தவனே ருசி பார்த்துக் குறையை நீக்கிக்கொள்வது லாபகரமாகும்.