எந்த ஆட்டைச் சுடுவது?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பிராங்ஹார்ன் என்னும் புல்வெளி விலங்கை வேட்டையாட விரும்புவோர், அரசு நடத்தும் குலுக்கலுக்கு விண்ணப்பித்துவிட்டு, சில பகுதிகளில் பல ஆண்டுகள் காத்திருக்கின்றனர். பெயர் வந்தால் கிடைப்பது ஒரே ஒரு விலங்குக்கான அனுமதிச் சீட்டு. ஒன்றைச் சுட்டுவிட்டால் அவ்வளவுதான். அவர்களுக்குக் குறிவைப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதே கடினமான வேலை.

இந்தச் சிக்கல் நம் கொங்கு நாட்டின் மேற்கு எல்லையிலும் ஒரு நூற்றாண்டுக் காலம் இருந்தது என்பதைப் பலர் அறியார். நீலகிரியில் கட்டுப்பாடற்ற வேட்டையால் விலங்குகள் அருகிவந்த நிலையில், 1877-இல் அங்கு வேட்டை விலங்குகளைக் காப்பதற்கான சங்கம் தோன்றியது. 1879-இல் சென்னை மாகாண அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. உரிமம், வேட்டைக்குத் தடைசெய்யப்பட்ட பருவம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. வரையாட்டைப் பொருத்தவரை, பெட்டைகளை விட்டுவிட்டு, முதிர்ந்த கிடாவை மட்டுமே சுடுவது மரபாயிற்று. முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிர்நிறத் திட்டு தோன்றும். ஆங்கிலேயர்கள் அதனை 'சேடில்பேக்' என்றே அழைத்தனர். இயற்கையே வயதை முதுகில் எழுதிவைத்திருப்பது சட்டத்துக்கு எவ்வளவு வசதி!

ஆயினும், முதிர்ந்த கிடாக்களுள் எதைத் தேர்வது? கொம்பு பெரிதா என்பதைப் பள்ளத்தாக்கின் மறுபுறம் நின்று தொலைநோக்கியால் மதிப்பிட வேண்டும். வரையாடு ஆபத்தைப் பெரும்பாலும் கீழிருந்தே எதிர்பார்க்கும். எனவே மேலிருந்து அணுக வேண்டும். பாறை விளிம்பில் நிற்பதைச் சுட்டால் உடல் கிடுகிடு பள்ளத்தில் விழுந்து யாருக்கும் பயன்படாது போகும். எல்லாம் கூடிவரும்போது பனிமூட்டம் வந்து மறைத்துவிடும். இன்று கண்ட கிடாவை ஏற்பதா, நாளை இதைவிடச் சிறந்தது வரும் என்று விடுவதா?

பொருளியல் வகுப்பில் இதனைத் தேடலின் செலவு என்ற தலைப்பில் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை அது. கணிதவியலார் இதற்கு ஒரு விதியும் தருகின்றனர்: விட்டதைத் திரும்பப் பெற முடியாது எனில், வரக்கூடியவற்றுள் முதல் 37 விழுக்காட்டை வெறுமனே பார்த்துவிட்டு, அதன்பின் அவை அனைத்தையும் விஞ்சும் முதலாவதை எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் வேட்டையில் முதல் மூன்று, நான்கு நாள்கள் துப்பாக்கிக்கு வேலையில்லை.

மாணவர்களுக்கு இதை விளக்க நான் கையாண்ட உதாரணம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. எங்கள் கொடுமுடிப் பகுதியிலிருந்து காங்கயம் காளை வாங்கச் செல்லும் அனுபவசாலி, போனவுடன் பணத்தை வெளியே எடுப்பதில்லை. சுற்றி வருவார், பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன்பிறகே துண்டுக்கடியில் விரல்கள் பேசும். ஸ்டிக்ளரை அவர் படித்ததில்லை.

தனிமனிதரின் தேர்வு இப்படி. அதன் விளைவை மந்தை சுமக்கிறது. ஒரு கிடா பல பெட்டைகளுடன் இணையும் இனத்தில், சில முதிர்ந்த கிடாக்கள் குறைவதால் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பெட்டைகள் குறைந்தால் அடுத்த ஆண்டே தெரியும். நீலகிரி விதியின் அறிவு இதில்தான் இருந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மலையின் காட்டுச் செம்மறிகளை ஏறத்தாழ முப்பதாண்டுகள் கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. பெரிய கொம்புக் கிடாக்களையே தேடிச் சுட்டதால், தலைமுறைதோறும் கொம்பின் அளவு சிறுத்துவந்ததாக அது கண்டது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது சரியே. ஆனால், 'எதைச் சுடுவது' என்ற வினா வேறு வடிவில் நம்மிடம் திரும்பியுள்ளது. காட்டுப்பன்றிகளால் பயிரிழந்து விவசாயிகள் தொடர்ந்து முறையிட்டதன் விளைவாக, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

இங்கே கணக்கு தலைகீழ். வரையாட்டில் இனம் பெருக வேண்டும். பன்றியில் குறைய வேண்டும். தந்தம்போல் கோரைப்பல் நீண்ட ஒற்றை ஆண் பன்றியைச் சுட்டால் புகைப்படம் நன்றாக வரும்; அன்றிரவு ஒரு தோட்டம் தப்பவும் கூடும். ஆனால், ஓர் ஈற்றில் பல குட்டிகள் போடும் பெண் பன்றிகள் கூட்டமாக அப்படியே இருக்க, அடுத்த போகத்து மரவள்ளிக்கும் கரும்புக்கும் சேதம் குறையப்போவதில்லை. பெண்ணைச் சுட்டால் பால்குடிக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும் என்ற அறச்சிக்கலும் உடன்வருகிறது. அதனால் ஈனும் பருவத்தைத் தவிர்ப்பது குறித்தும் யோசித்தாக வேண்டும்.

இருட்டில் கரும்புக்குள் அசையும் உருவத்தில் இவற்றையெல்லாம் பார்க்க முடியாது. துப்பாக்கியுடன் செல்லும் முன் சில இரவுகள் வெறுமனே பார்த்திருக்க, கூட்டத்தில் எத்தனை பெண், எத்தனை குட்டி என்று குறித்துவைக்க, ஆள்களும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். சுடப்பட்ட ஒவ்வொரு பன்றிக்கும் எண்ணிக்கையுடன் பாலினம், வயது என்ற இரு பத்திகளும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அந்த இரு பத்திகளும் நிரம்பினால்தான், இரண்டாண்டு கழித்து இந்த அனுமதியால் விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்க இயலும்.