"ரீச்சர், நீங்களும் எரிக்கிறனீங்கள் தானே?"

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கின்றேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சுற்றாடலைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது சுலபமான வேலை என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தேன். மரத்துக்குப் பச்சையும் ஆற்றுக்கு நீலமும் தீட்டக் கொடுப்போம். மரம் வெட்டக் கூடாது என்று ஒப்புவிக்க வைப்போம். வருடம் முழுவதும் ஓடும் ஆறொன்றும் யாழ்ப்பாணத்தில் இல்லை, இந்தச் சிறுசுகள் மரம் வெட்டப் போவதுமில்லை என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

ஒரு கார்த்திகை மாதத்தில் எங்கள் பிள்ளையொன்று டெங்குக் காய்ச்சலால் பத்து நாட்கள் வரவில்லை. திரும்பி வந்தபோது பாதியாக மெலிந்திருந்தான். நுளம்பு ஏன் அவனைக் கடித்தது என்று மற்றப் பிள்ளைகள் துளைத்தெடுத்தனர். மழை விட்டதும் அவர்களைப் பின்வளவுக்குக் கூட்டிச் சென்றேன். வேலியோரத்தில் ஒரு யோகட் கப், அதற்குள் நாலு விரற்கடை தண்ணீர்.

"ரீச்சர், மீன்குஞ்சு!" என்று ஒருத்தி கத்தினாள்.

அவை நுளம்புக் குடம்பிகள். தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைத்தோம். போத்தலைத் தட்டினால் அவை நெளிந்து கீழே போகும், பிறகு மூச்செடுக்க மேலே வரும். பிள்ளைகள் விளையாடவும் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். இரண்டாம் நாள் சில வளைந்து கூட்டுப்புழுவாகின. நுளம்பாகிப் பறக்க முன்னர் அத்தனையையும் சுடுமணலில் ஊற்றிவிட்டேன். வீட்டில் செய்து காட்ட விரும்பும் தாய்மாரும் இதை மறக்கக் கூடாது.

"இந்தக் கப்பை இங்கே போட்டது யார்?" என்று கேட்டேன். சத்தமில்லை. பிறகு ஒரு சின்னக் குரல்: "நாங்கள் தானே ரீச்சர் எறிஞ்சனாங்கள், பிறந்தநாளுக்கு."

உண்மைதான். எங்கள் முன்பள்ளியில் கொண்டாடிய பிறந்தநாளின் கப் அது.

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் தண்ணீரின்றிப் பல மாதங்கள் ஒட்டியபடி கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கக் கூடியவை. ஆகவே தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும், அதாவது பிள்ளைகள் எங்களிடம் இருக்கும் நேரத்திலும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாயினர். அதே ஆண்டு செப்டெம்பரில்தான் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றுகளும் தடை செய்யப்பட்டன. அதன் பின்னரும் எங்கள் பிள்ளைகளின் பைகளில் அவற்றைக் கண்டிருக்கின்றேன்.

அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் வளவைச் சுற்றுவது வழக்கமாயிற்று. சிரட்டையைக் கவிழ்ப்பார்கள், பூச்சாடித் தட்டைக் காட்டித் தருவார்கள். நானும் பெருமையோடு பொறுக்கிய கப்புகளையும் சொப்பிங் பைகளையும் மாலையில் வேலியோரம் கொளுத்தி வந்தேன். ஒருநாள் தாய் வரப் பிந்திய ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள்.

"ரீச்சர், நீங்களும் எரிக்கிறனீங்கள் தானே? அந்தப் புகை எங்கை போறது?"

பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. புகை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்ரிக் எரியும் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டென்று பயிற்சி வகுப்பில் எழுதி எடுத்தவள் நான். பிள்ளைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து நெருப்பில் ஊற்றினேன்.

இப்போது பிறந்தநாளுக்கு யோகட் இல்லை, வாழைப்பழமும் கடலையும்தான். கிடைக்கும் பழைய கப்புகளின் அடியில் துளையிட்டுக் கத்தரி நாற்றுப் போடுகிறோம். துளையிட மறந்தால் பிள்ளைகளே சண்டைக்கு வருவார்கள். மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து, குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் வரும்வரை சாக்கில் கட்டி வைக்கின்றோம். அது எல்லாக் கிழமையும் வருவதில்லை.

போன மாதம் ஒரு தாய் படலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ரீச்சர், இவள் என்னைக் குப்பை கொளுத்த விடுறாளில்லை. நான் இதை எங்கை கொண்டுபோய்ப் போடுறது?"

அவரை உள்ளே கூட்டிச்சென்று எங்கள் சாக்கைக் காட்டினேன். அது நிரம்பியிருந்தது. இன்னொரு சாக்கு எடுத்தோம்.