லினக்ஸில் தானாகத் தொடங்கும் புரோகிராம்கள்: ஒரு சொல்லால் வந்த இழப்பு

விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஸ்டார்ட் அப் போல்டர் தெரிந்திருக்கும். ஒரு புரோகிராமின் ஷார்ட்கட்டை அதில் போட்டுவிட்டால், லாக் இன் செய்தவுடன் அது தானாக இயங்கும். யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸிலும் இந்த வசதி உண்டு. அதை அரைகுறையாகச் செய்து நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் குழுவின் லினக்ஸ் ஒர்க்ஸ்டேஷனில் உள்ள ஃபைல்களை வேறொரு கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும் பேக்கப் சர்வீஸ் ஒன்றை அமைத்தேன். நன்றாகவே ஓடியது. ஒரு நாள் நீண்ட மின்தடை. யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து ஒர்க்ஸ்டேஷன் அணைந்தது. மின்சாரம் வந்ததும் எல்லாம் இயங்கின, பேக்கப்பைத் தவிர. 11 நாட்கள் கழித்து ஹார்ட் டிஸ்க் பழுதானபோதுதான் இது தெரிந்தது. என் சீனியர் ஒருவரின் 11 நாள் உழைப்பு போய்விட்டது. அவர் திட்டவில்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என்ன தவறு?

லினக்ஸ் தொடங்கும்போது மற்ற சர்வீஸ்களை எழுப்பும் புரோகிராமுக்கு எண் 1. முன்பு அந்த இடத்தில் இனிட் இருந்தது. 2010ல் வெளியான சிஸ்டம்டி அதன் இடத்தைப் பிடித்தது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2014லும், டெபியனும் உபுண்டுவும் 2015லும் இதற்கு மாறின.

இதற்குக் கட்டளை தரும் புரோகிராம் சிஸ்டம்சிடிஎல். (சிஸ்டம் என்ற ஆங்கிலச் சொல்லுடன் சி, டி, எல் எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்து, சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும்.) இதில் இரண்டு கட்டளைகளைப் பிரித்து அறிய வேண்டும்.

1. ஸ்டார்ட்: சர்வீஸை இப்போது இயக்கும். அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது இது நினைவில் இருக்காது.

2. எனேபிள்: அடுத்த முறை முதல் தானாகத் தொடங்கச் செய்யும். ஆனால் இப்போது இயக்காது.

நான் முதல் கட்டளையை மட்டும் கொடுத்திருந்தேன். எனேபிள் பெரிய வேலை எதையும் செய்வதில்லை. விண்டோஸ் ஷார்ட்கட் போல, சர்வீஸ் ஃபைலுக்கு ஒரு லிங்க் அமைக்கிறது. அந்த லிங்க் இல்லாததுதான் என் தவறு.

செய்ய வேண்டியவை

சர்வீஸின் பெயர் பேக்கப் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் "சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் பேக்கப்" என டைப் செய்து என்டர் தட்டவும். பின் எனேபிள் என்ற இடத்தில் ஸ்டார்ட் எனக் கொடுக்கவும். சர்வீஸ் ஃபைலை நீங்களே எழுதியிருந்தால், இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை என்ற வரி இருக்கிறதா எனப் பார்க்கவும். லிங்க் எங்கே அமைய வேண்டும் என்பதை அந்த வரிதான் சொல்கிறது.

உங்கள் ஹோம் போல்டரில், கான்ஃபிக் போல்டருக்குள் இருக்கும் ஆட்டோஸ்டார்ட் போல்டரில் பேக்கப்பை வைக்க வேண்டாம். அங்கு உள்ளவை நீங்கள் லாக் இன் செய்த பிறகே இயங்கும். மின்தடைக்குப் பின் யாரும் லாக் இன் செய்யாவிட்டால் பேக்கப் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, ஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஆக்டிவ் எனக் காட்ட வேண்டும். சில நிமிட வேலைதான். இப்போது எதை அமைத்தாலும் அதைச் செய்யாமல் நான் இடத்தை விட்டு எழுவதில்லை.