செய்தி செல்லும் தெரு யாருடையது?



பத்திரிகைச் சுதந்திரம் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், அரசாங்கம் தடை விதிக்காதிருத்தல் என்றே பெரும்பாலும் விடை வரும். பல்லாண்டுகள் நானும் அவ்வாறே கற்பித்தேன். அவ்விடை முழுமையானதன்று என்பதைக் கனடாவில் 2023-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று.

கனடாவின் வடபுறத்தில் எல்லோநைஃப் என்றொரு நகரம் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 20,000. கேபின் ரேடியோ என்னும் சிறு செய்தி நிலையம் அங்கிருந்து இணையத்தின் வழியே செய்தி தந்து வந்தது. பெருமுதலாளி எவரையும் சார்ந்ததன்று. ஆனால் மக்களில் பலர் அச்செய்திகளை அடைந்த வழி எது? பேஸ்புக்கைத் திறந்து, அங்கே காணும் இணைப்பைத் தொட்டுச் செல்வர். வசதியான வழிதான். எனினும் அது பொதுத் தெரு அன்று. மெட்டா என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமான பாதை.

2023 ஜூன் மாதம் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. செய்தி இணைப்புகளைத் தம் தளங்களில் காட்டும் பெருநிறுவனங்கள் பத்திரிகைகளுக்குப் பணம் தரவேண்டும் என்பது அதன் சாரம். பத்திரிகைகள் தாமே விரும்பி இடும் இணைப்புக்கு நாங்கள் ஏன் பணம் தரவேண்டும் என்று மெட்டா வாதிட்டது. அவ்வாதத்தில் பொருளே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயின் அது செய்தது என்ன? ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி, கனடாவில் உள்ளோர் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளைக் காணவும் பகிரவும் இயலாதபடி அடைத்துவிட்டது.

அம்மாதமே காட்டுத்தீ நகரை நெருங்கிற்று. 16-ஆம் நாள் மாலை, எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறுக என்று ஆணை பிறந்தது. தீ எவ்வளவு தொலைவில் உள்ளது, சாலை திறந்திருக்கிறதா, விமானம் எப்போது என்று மக்கள் தவித்தனர். இணைப்பை இட வழியில்லாமையால், சிலர் செய்தியைப் படம் பிடித்து அப்படத்தைப் பேஸ்புக்கில் இட்டனர். சாமர்த்தியம்தான்! ஆனால் படத்தில் ஓர் இடர் உண்டு. ஒரு மணி நேரத்தில் நிலைமை மாறி, மூலச் செய்தி திருத்தப்பட்டாலும், படம் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அரசாங்க அறிவிப்புகளை நாங்கள் தடுக்கவில்லை என்றது மெட்டா. உண்மையே. ஆனால் அறிவிப்பு வேறு, செய்தி வேறு அன்றோ? அறிவிப்பு சொல்லாது விட்டதைக் கேட்டறிந்து எழுதுவதே செய்தியாளன் தொழில்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. கேபின் ரேடியோ எழுதியதில் ஓர் எழுத்தையும் எவரும் அழிக்கவில்லை. நிலையத்துக்குப் பூட்டும் இடவில்லை. வாயில் திறந்தே இருந்தது. தெருவை மட்டும் அதன் உரிமையாளர் மூடினார். நிலையத்தின் முகவரியை அறிந்து நேரே சென்றவர்களுக்கு எத்தடையும் இல்லை. நீங்கள் அன்றாடம் படிக்கும் செய்தித்தளத்தின் முகவரி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூகிள் நிறுவனமோ 2023 நவம்பரில் ஆண்டுக்கு 10 கோடி கனடா டாலர் தர இசைந்தது. எல்லோநைஃப் மக்கள் செப்டம்பர் 6 முதல் வீடு திரும்பலாயினர். மெட்டாவின் தடை அப்போதும் நீங்கவில்லை.